ஏரோட்டிய பாட்டனாரைத் தேடி

அரசனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. புலவனுக்குச் சிறப்புப் பாயிரம் உண்டு. கோயிலில் நந்தா விளக்கு வைத்த வணிகனுக்கும் கல்லிலே ஒரு வரி கிடைத்துவிடுகிறது. ஏர் பிடித்தவனுக்கு என்ன உண்டு என்று கேட்டால், வரி பாக்கி உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வரி கட்டியதும் கட்டாமல் விட்டதும்தான் நம் ஊர்க் குடியானவன் பெயரைக் காகிதத்தில் ஏற்றி வைத்திருக்கின்றன. என் முன்னோர் ஒருவரைத் தேடிக்கொண்டு போனபோது நான் கண்டது இதுதான்.

அடியேன் பாத்திர வியாபாரி. 1978-ல் பம்பாய்க்கு வந்தவன். கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை சாத்தியபின் படித்ததுதான் படிப்பு. பூர்வீகம் வந்தவாசிப் பக்கம், பொன்னூர் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு சிற்றூர். நாங்கள் நயினார் என்று சொல்லப்படும் தமிழ்ச் சமணர். இந்த ஊர் மார்வாடி, குஜராத்தி வியாபாரிகளிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். "மதராஸி, அப்புறம் ஜைன் எப்படி?" என்பார்கள். நம்பியபின் அடுத்த கேள்வி, "அங்கே என்ன வியாபாரம்?" விவசாயம் என்றதும் முகம் மாறும். ஏர் ஓட்டினால் மண்ணிலுள்ள உயிர்கள் சாகுமே, ஜைனன் செய்யலாமா என்று ஒருவர் நேராகவே கேட்டார். ஆதிநாதர் உலகத்தாருக்குக் கற்பித்த ஆறு தொழில்களில் அசி, மசிக்கு அடுத்தது கிருஷி என்று நம் நூல்களே சொல்கின்றன. வேண்டுமென்றே செய்யும் கொலை வேறு, தொழிலின் வழியே தவிர்க்க முடியாமல் வரும் இம்சை வேறு என்று இல்லறத்தாருக்குத் தனி விதியும் வகுத்திருக்கிறார்கள். இதை விளக்கிச் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டாரோ இல்லையோ, டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் குடும்பத்துக்கு 'வஹிவஞ்சா' என்று ஒரு மரபினர் உண்டாம். தலைமுறை தலைமுறையாக வம்சாவளியை நீளமான ஏட்டில் எழுதிவைத்து, சில வருஷங்களுக்கொரு முறை வீட்டுக்கு வந்து புதுக் குழந்தைகளின் பெயரைச் சேர்த்துவிட்டுச் சம்மானம் வாங்கிக்கொண்டு போவார்களாம். பத்துப் பன்னிரண்டு தலைமுறையை அவர் மடமடவென்று ஒப்பித்தார். எனக்குத் தாத்தாவின் அப்பாவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. தேடல் அன்றைக்குத் தொடங்கியது.

தேட வேண்டிய ஆள் ஒருவர் ஏற்கனவே எங்கள் வீட்டுக் கதையில் இருந்தார். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்கு ஓர் அண்ணன். தாது வருஷப் பஞ்சத்தில் அவருக்கு உலகமே வெறுத்துப்போய், தன் பங்கு நிலத்தைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சம்மேத சிகரத்துக்கு யாத்திரை போனார், திரும்பவில்லை என்பது கதை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரை ஒரு துறவி என்றே சொல்லி வளர்த்தார்கள். நானும் அப்படியே கேட்டு வளர்ந்தவன். இந்தக் கட்டுரையில் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் மட்டும் குறிப்பிடுகிறேன். ஊரையும் பெயரையும் எழுதாததற்குக் காரணம், இரு தரப்பிலும் வாரிசுகள் இருக்கிறார்கள். விஷயம் நிலம் சம்பந்தப்பட்டது. "இதையெல்லாம் மலரில் போட்டு மானத்தை வாங்காதேப்பா" என்று என் பெரியப்பா மகன் போனில் சொன்னார். மானம் போகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் எங்கே தேடக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அலைச்சல் மிச்சம். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தேடாதீர்கள். சென்னை மாகாணத்தில் 1871-லேயே கணக்கெடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் வீடு வீடாக எழுதிய தாள்களைப் பாதுகாக்கவில்லை. மிஞ்சியது கூட்டிப் போட்ட அட்டவணைகள். எத்தனை சமணர், எத்தனை கிணறு என்று தெரியும். யார் என்று தெரியாது. நாட்டுப்புறத்துப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-ல் சட்டம் வந்தது. அதற்கு முந்திய ஆளை அதில் காண முடியாது.

செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1763-ல் நவாப் அந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து, வீடு, நிலம், ஏரி, கோயில், எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு படி என்பது வரை கணக்கெடுத்தார். அதற்கு ஆதாரமான தமிழ் ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் அந்த ஜாகீர் எல்லைக்குச் சற்றே வெளியே விழுந்துவிட்டது. 1760-ல் வந்தவாசிக் கோட்டைக்காக வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தேதியோடு சொல்லும். அந்தக் குதிரைகள் மிதித்த வயல் யாருடையது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆர்க்காட்டுச் சீமை முழுதும் 1801-ல் கம்பெனி கைக்கு வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் கணக்குகள் ஒழுங்காகத் தொடங்குகின்றன.

ஆகவே கீழிருந்து மேலே போனேன். அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தவை: சில கிஸ்தி ரசீதுகள், 1896-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று, ஓரம் அரித்துப் போன பழைய பட்டாத் தாள் ஒன்று. பட்டாவில் பசலி 1281 என்று இருந்தது. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஆகவே இது 1871-72. அந்தத் தாளில் பெரியவர், சின்னவர் இரண்டு பேர் பெயரும் கூட்டாக இருந்தது. நில எண் பழைய பைமாஷ் எண். பஞ்சத்துக்குப் பிறகு வந்த செட்டில்மெண்டுப் பதிவேட்டில் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் பழைய எண்ணையும் குறித்திருப்பார்கள். அதை வைத்துப் பார்த்ததில் அதே நிலங்கள்தாம், ஆனால் பட்டாதாரர் சின்னவர் ஒருவரே. நடுவில் பெரியவர் எங்கே போனார் என்பதுதான் கேள்வி. இடைப்பட்ட வருஷங்களின் ஜமாபந்திக் கணக்கு ஊரில் இல்லை. கர்ணம் வேலை பரம்பரையாக ஒரே வீட்டில் இருந்தவரை பழைய கட்டுகள் அந்த வீட்டுப் பரணில் கிடந்தன. 1980-ல் அந்தப் பதவிகளை எடுத்தபோது நடப்புக் கணக்குகள் கைமாறின. பழசைக் கேட்பாரில்லை, கரையான் எடுத்துக்கொண்டது. யுடிஆர் என்று 1979 முதல் 1987 வரை நடந்த பதிவேடு திருத்தத்துக்குப் பின் பழைய பெயர்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் இல்லை.

பெயர்களில் இன்னொரு சிக்கல். நம்மவர்கள் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். ஆதிநாதன் மகன் சாந்திநாதன், சாந்திநாதன் மகன் ஆதிநாதன் என்று (பெயர்கள் உதாரணத்துக்கு) இரண்டே பெயர் நூற்றைம்பது வருஷம் ஓடும். பட்டப் பெயரும் நிலையாக இருக்காது. எங்கள் ஜனங்களே ஊருக்கு ஊர் நயினார், உடையார், முதலியார், செட்டியார் என்று எழுதிக்கொண்டவர்கள். குமாஸ்தா காதில் எது விழுந்ததோ அதை எழுதினான். எனவே பெயர் ஒத்துப்போனதால் மட்டும் ஒருவரைப் பாட்டனார் என்று கட்டிக்கொள்ளக் கூடாது. நான் பிடித்துக்கொண்டது செக்குபந்தி. பெயர் மாறும், பட்டம் மாறும். வடக்கே ஏரிக்கால், கிழக்கே கோயில் மானியம் என்று எழுதினால் அது சுலபத்தில் மாறாது. நம் ஆளின் பத்திரம் கிடைக்காவிட்டால் பக்கத்து நிலத்துக்காரனின் பத்திரத்தைத் தேட வேண்டும். அவன் நான்கெல்லை சொல்லும்போது நம் ஆளின் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? இப்படி அயலாரின் பத்திரங்களிலிருந்தே எங்கள் நிலத்தின் கதை பாதிக்கு மேல் எனக்குக் கிடைத்தது.

மேல் தலைமுறைக்கு ஒரே ஒரு பிடி கிடைத்தது. 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் வரியில்லா நிலங்களையெல்லாம் விசாரித்து எழுதிய பதிவேடு. எங்கள் ஊர் ஜினாலயத்து நிலம் அதில் தீர்த்தங்கரர் பெயரில் இருக்கிறது, நிர்வாகியாகச் சகோதரர்களின் தகப்பனார். ஒரே ஒரு வரி. அதே ஊரில் கோயில் வாத்தியாருக்கு இருந்த சிறு மானியத்துக்கோ, மூலப் பெற்றவர் யார், அவர் மகன் யார், இப்போது அனுபவிப்பவர் வயது என்ன என்று வம்சமே எழுதியிருக்கிறது. வரி கட்டாதவனிடம்தான் சர்க்கார் பரம்பரையை விசாரித்தது. ஒழுங்காக வரி கட்டியவனைப் பற்றி அதற்கு என்ன அக்கறை!

இனி 1896 பத்திரம். சின்னவரின் மகன், அதாவது என் கொள்ளுத்தாத்தா, புஞ்சை ஒன்றை விற்றிருக்கிறார். பத்திரத்தில் பாத்தியம் வந்த விதம் சொல்லும் இடத்தில், பாதி பிதுரார்ஜிதம் என்றும், மீதிப் பாதி தாது வருஷத்துத் தீர்வைப் பாக்கிக்காகச் சர்க்கார் ஏலத்தில் தன் தகப்பனார் எடுத்தது என்றும் எழுதியிருக்கிறது. இதைப் படித்தபோது பெட்டியை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுத் துறவி நிலத்தை மனமுவந்து தம்பிக்குக் கொடுக்கவில்லை. கிஸ்தி கட்ட முடியாமல் அவர் பங்கு ஏலத்துக்குப் போயிருக்கிறது. ஏலம் எடுத்தவர் கூடப்பிறந்த தம்பி.

1876-ல் மழை பொய்த்து 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சம் தாது, ஈசுவர வருஷங்களில் வட ஆர்க்காட்டையும் விடவில்லை. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரணக் கூலியில் வெட்டியதுதான். 1864-ம் வருஷத்து வருவாய் வசூல் சட்டப்படி பாக்கிக்கு நிலத்தை ஜப்தி செய்து விற்கலாம். மாடு செத்து, விதை நெல்லைத் தின்று தீர்த்தவன் கிஸ்திக்கு எங்கே போவான்?

என் பெரியப்பா மகன் பயந்தது இந்த இடத்தைத்தான். அண்ணன் வயிறு காயும்போது தம்பி நிலத்தை அமுக்கிவிட்டான் என்று படிக்கலாம். ஆனால் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். ஏலத்தில் நிலம் அந்நியன் கைக்குப் போகாமலிருக்கப் பங்காளியே எடுப்பது வழக்கம். எடுத்தபின் திருப்பிக் கொடுத்தாரா, விளைச்சலில் பங்கு கொடுத்தாரா என்பதை எந்த ரிஜிஸ்தரும் சொல்லாது. இரண்டில் எது? பதிவு அலுவலகத்து அட்டவணைப் புத்தகங்களைப் புரட்ட நாலு விடுமுறை செலவாயிற்று. ஊருக்குப் போகும்போதெல்லாம் குடும்பம் சொந்தக்காரர் வீட்டில், நான் பதிவு அலுவலகத் திண்ணையில். கடைசியில் கிடைத்தது 1883-ம் வருஷத்து அடமானப் பத்திரம். சின்னவர் அதே நிலத்தின் பேரில் கடன் வாங்குகிறார். கீழே சாட்சிகளில் ஒருவர் பெரியவரின் மகன். வெறும் சாட்சியும் அல்ல. இந்தச் சொத்தில் தனக்கோ தன் தகப்பனாருக்கோ யாதொரு பாத்தியமும் இல்லையென்று என் தமையன் குமாரர் இதில் சாட்சி போட்டிருக்கிறார் என்ற பொருளில் உள்ளேயே வாசகம் இருக்கிறது.

இந்த ஒரு வாசகத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது நிறைய. ஏலத்தில் முறைப்படி வாங்கிய நிலத்துக்கு அண்ணன் மகன் எதற்குச் சாட்சி போட வேண்டும்? கடன் கொடுத்தவர் கேட்டிருக்கிறார். அப்படியானால் அது பெயருக்குத்தான் தம்பி நிலம், அண்ணனுக்கும் பாத்தியம் உண்டு என்ற பேச்சு ஊரில் இருந்திருக்கிறது. மகனும் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். பகை முற்றியிருந்தால் வந்திருக்க மாட்டார். பெரியவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல்லும் இல்லை. எங்கள் கணக்கில் பஞ்சத்தோடு காணாமல் போனவர், சர்க்கார் கணக்கில் 1883-ல் உயிரோடு இருக்கிறார். இன்னும் ஒன்று: சாட்சியின் ஊர் அடுத்த ஜில்லா, தென்னார்க்காட்டுத் திண்டிவனம் தாலுக்கா. எங்கள் ஊரிலிருந்து ஐந்து மைல்கூட இருக்காது. பெயருக்குப் பின்னால் நயினார் இல்லை, முதலியார் என்றிருக்கிறது.

இங்கே என் தொழில் கை கொடுத்தது. நிலக் கணக்கில் பெண்கள் பெயர் அபூர்வம். பாத்திரத்தில் அப்படி இல்லை. சீர் கொடுத்த அண்டா, குடம், சொம்பு எல்லாவற்றிலும் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். கடையில் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து நானே ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறேன். எங்கள் ஜினாலயத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு உண்டு. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தது 2009-ல். சித்திரபானு வருஷம் என்று வெட்டி, மேற்படி திண்டிவனம் பக்கத்து ஊரைச் சொல்லி, பெரியவர் பெயர், அவர் பெண்சாதி பெயர், உபயம் என்று முடிகிறது. சித்திரபானு அறுபது வருஷத்துக்கொரு தரம் வரும்: 1822, 1882, 1942. பெயரோ தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பி வரும் பெயர். ஆனால் எழுத்தில் புள்ளி வைத்திருக்கிறது, காலையும் ரகரத்தையும் வேறுபடுத்தி வெட்டியிருக்கிறது. 1822 விளக்கில் அதை எதிர்பார்க்க முடியாது. 1942 என்றால் விளக்கின் தண்டு திருகு மரையோடு வந்திருக்கும், இது ஒரே வார்ப்பு. பத்திரத்தின் 1883-ஐயும் சேர்த்துப் பார்த்தால் 1882-83 தான். பஞ்சத்தில் நிலம் இழந்து ஐந்தாறு வருஷத்துக்குள் விளக்கு செய்து கோயிலுக்கு வைக்கிற அளவுக்கு அந்த வீடு நிமிர்ந்திருக்கிறது. அதோடு, அந்த வருஷம் வரை அவர்கள் சமணர்களாகவே இருந்திருக்கிறார்கள். அந்த அம்மாளின் பெயரை எங்கள் குடும்பத்தில் யாருமே கேள்விப்பட்டதில்லை.

சிகர்ஜிக்குப் போனது பொய் என்று நான் சொல்லவில்லை. போயிருந்தால் 1883-க்குப் பிறகு போயிருக்கலாம்.

2011-ல் அந்த ஊருக்குப் போனேன். பெரியவரின் பெயரைத் தாத்தா பெயராகச் சொல்லும் வீடு ஒன்றே ஒன்று இருக்கிறது. நெற்றி நிறையத் திருநீறு, சைவ வேளாளர் என்கிறார்கள். வீட்டுப் பெரியவர் என்னை விட மூத்தவர். மிகுந்த மரியாதையோடு உட்காரவைத்து, "எங்க தாத்தாவோட அப்பா வந்தவாசிப் பக்கத்துலருந்து வந்தவங்கன்னு கேள்விங்க. பஞ்சத்துல வந்தாங்களாம். அதுக்கு மேல தெரியாது" என்றார். அவர் தாயார் காலம் வரை விளக்கு வைத்தபின் பெண்கள் சாப்பிடுவதில்லையாம். காரணம் கேட்டால் வழக்கம் என்பார்களாம். இரவுண்ணாமை எங்கள் வழக்கம் என்று உடனே துள்ளிக் குதிக்கத் தோன்றியது. ஆனால் அது சான்றாகாது. விரதத்துக்காக இரவில் சாப்பிடாத சைவ வீடுகள் எத்தனையோ. எனக்குப் பெரிதாகப் பட்டது 'பஞ்சத்துல வந்தாங்க' என்ற சொல்தான். அதை நான் அவர் வாயில் போடவில்லை.

எங்கள் ஜனங்களில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. செஞ்சியை ஆண்ட நாயக்கன் சமணப் பெண் கேட்டு அவமானப்பட்டு, சமணர் தலையை வெட்ட உத்தரவிட்டான்; பலர் பூணூலை மறைத்துத் திருநீறு பூசித் தப்பினார்கள்; அவர்கள்தாம் நீர்பூசி வேளாளர். பிறகு வீரசேனாசாரியர் சிரவணபெளகொளா சென்று திரும்பி வந்து, தாயனூர் உடையாரோடு சேர்ந்து பலரை மறுபடி சமணத்துக்குக் கொண்டுவந்தார் என்பது கதை. 1906-ல் வெளிவந்த தென்னார்க்காடு கெஜட்டியரில் பிரான்சிஸ் துரை இதை 1478 என்ற வருஷத்தோடு எழுதிவைத்தார். அந்த வருஷம் பொருந்தாது. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டதே கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1509-க்குப் பிறகு. கதைக்கு அடியில் உண்மை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து ஊரில் நமக்குத் தெரிந்த சாயலோடு ஒரு சைவக் குடும்பம் இருந்தால், 'செஞ்சிக் கலகத்தில் போனவர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நான் தேடிய குடும்பம் 1882 வரை ஜினாலயத்துக்கு விளக்கு வைத்தது. அதற்குப் பிறகுதான், மிஞ்சிப் போனால் இரண்டு தலைமுறைக்குள், வாள் எதுவும் இல்லாமல் மெல்ல மாறியிருக்கிறது. எப்படி என்று ஊகிக்க முடிகிறது. போன ஊரில் ஜினாலயம் இல்லை, வாத்தியார் இல்லை, பெண் கொடுக்க எடுக்க இனத்தார் இல்லை. அக்கம்பக்கத்து நல்ல வேளாளர் குடும்பம் ஒன்றில் சம்பந்தம். முதலியார் என்ற பட்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது. அடுத்த தலைமுறைக்கு எந்தச் சடங்கு பழக்கமோ அதுதான் மதம். இங்கே மும்பையில் பிறந்த நம் பிள்ளைகளைப் பார்க்கும் எவருக்கும் இது புரியும்.

இந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ள உறவு நூற்றுக்கு நூறு நிலைநாட்டப்பட்டது என்று எழுத என் கை வரவில்லை. சாட்சிக் கையெழுத்து போட்ட மகனுக்கும், இன்றைய பெரியவரின் தாத்தாவுக்கும் நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. வருஷக் கணக்குப்படி அந்த மகனே இவருடைய தாத்தாவின் அப்பாவாக இருக்கலாம், அல்லது தம்பி முறையாகவும் இருக்கலாம். ஜில்லா எல்லை நடுவே ஓடுவதால் அந்தப் பக்கத்துப் பழைய கட்டுகள் கடலூர் வழியே போனவை. அந்தப் பக்கத்துப் பத்திர அட்டவணை இன்னும் முழுதும் பார்த்தாகவில்லை.

1883 பத்திரத்தின் நகல் ஒன்றை அந்த வீட்டுப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். 1896-லேயே கைமாறிவிட்டது, எங்களிடமும் இல்லை என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப சண்டைக்கு ஒண்ணுமில்ல" என்று மோர் கொண்டுவரச் சொன்னார். அவர்கள் வீட்டுப் பரணில் பழைய அண்டாக்கள் கிடக்கின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் கீழே இறக்குவார்களாம். விளக்கில் இருக்கும் அந்த அம்மாளின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.